குழந்தைகள் ஏறக் கூடாத கப்பல்

தவளக்குப்பம் முனையில், கடலூர் ரோட்டைப் பார்த்தபடி என் கடை இருக்கிறது. பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், பாஸ்போர்ட், ஆதார் திருத்தம், ஜெராக்ஸ் எல்லாம் செய்து கொடுப்பேன். ஆதிலட்சுமிக்கு வாய் நீளம் என்று பஜாரில் பேசிக்கொள்வார்கள். நீளம்தான். புருஷன் போன பிறகு ரோட்டோரத்தில் தனியாளாகக் கடை நடத்தி, ஒரு மகனைப் படிக்க வைத்துப் பெங்களூருக்கு அனுப்பியவளுக்கு வாய் நீளமாக இல்லாமல் எப்படி இருக்கும்? யாராவது பேய்க்கதை சொன்னால் முதலில் சிரிக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் இன்றைக்கு இதைச் சொல்கிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஐப்பசியில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு பகலில் அவர்கள் வந்தார்கள். ரோட்டில் பஸ்ஸும் லாரியும் நகர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. புருஷன் புகழ்வேந்தன், பாகூரில் நெல்லும் கரும்பும் வைக்கிற சுப்பராயலுவின் மகன். பெண்டாட்டி மஞ்சுளா. சின்ன வயதுதான், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், நின்ற இடத்திலேயே தூங்கி விழுந்துவிடுவாள் போல இருந்தாள். என் மேசைக்கு முன்னால் மூன்று நாற்காலி போட்டிருப்பேன். இந்த ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள், அந்த ஓரத்தில் அவன். நடு நாற்காலியைக் காலியாக விட்டார்கள்.

"கப்பல்ல போவணும்க்கா," என்றான் அவன். "கொழந்தைங்கள ஏத்தாத கப்பல் இருக்குதாமே. பெரியவங்க மட்டும் போறது. அதுல."

"இன்னா தம்பி, ரெண்டாந்தரம் தேனிலவா?" என்றேன்.

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சரி, நமக்கென்ன என்று கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக் காட்டினேன். முதல் கப்பலில் சறுக்கு மரம், குட்டிக் குளம், பொம்மை வேஷம் போட்ட ஆட்கள். மஞ்சுளா பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது கப்பலில் மேல் தளம் ஒன்று மட்டும் பெரியவர்களுக்கு.

"அந்தத் தளத்துக்கு வெளிய கொழந்தைங்க இருப்பாங்களாக்கா?"

"இருப்பாங்க. குடும்பம் குடும்பமா வருவாங்க இல்ல."

"அப்ப வேணாம். கப்பலுக்கு உள்ளயே வரக் கூடாது."

அவள் கேட்ட மாதிரியே மூன்றாவதாக ஒன்று அகப்பட்டது. சென்னையிலிருந்து கிளம்பி இலங்கைக் கரையைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற கப்பல். அந்தப் பயணத்துக்கு மட்டும் பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டியதும் மஞ்சுளா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"வாசல்லயே சொல்லுவாங்களா? வாய்வுட்டு சொல்லுவாங்களா, இல்ல போர்டு மட்டுந்தானா?"

"போர்டும் இருக்கும், வாசல்ல செக்யூரிட்டியும் நிப்பாங்க. ஏன்?"

"போர்டு இருந்தாலே போதும். அவ படிப்பா. தமிழ் நல்லா படிப்பா, இங்கிலீஷும் எழுத்துக்கூட்டிப் படிச்சிடுவா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வீட்டில் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு, அது கூட வரக் கூடாது என்று கப்பல் தேடுகிறார்களே, இவர்களும் பெற்றவர்களா என்று நினைத்தேன். நினைத்ததை வாய் சொல்லிவிட்டது. "புள்ளைய யார் கிட்ட வுட்டுட்டுப் போறீங்க? கொஞ்சமாவது மனசு வேணாம்?"

புகழ்வேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். "புள்ள ஏரில போயிடுச்சுக்கா. போன வருசம்."

பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவர்களிடம் என்ன பேச்சு பேசிவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. படிப்பாள் என்றது துக்கத்தில் வந்த பேச்சு, ஊர்ப் பிள்ளைகள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போக நினைக்கிறார்கள் போல என்று நானாக முடிவுகட்டி, மறுபேச்சு பேசாமல் வேலையைப் பார்த்தேன். இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை. அதற்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும், கப்பல் கிளம்புவதற்குள் வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, வேட்டியைப் பின்னால் தடவிப் பார்த்தார்.

நாற்காலி நனைந்திருந்தது.

அவர்கள் காரில் வந்தவர்கள். இருவர் உடம்பிலும் ஒரு சொட்டு மழை படவில்லை. நாற்காலிக்குக் கீழே தரையிலும் தண்ணீர் நின்றது, அதில் பாசி நெடி அடித்தது. ஓடு ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டு துடைத்தேன். என் கடைக்கு மேலே ஓடு கிடையாது, கான்கிரீட் தளம்.

அடுத்த வாரம் கையெழுத்து வாங்க ஸ்கூட்டரில் பாகூருக்குப் போனேன். பழைய வீடு. முன்கட்டு, கூடம், பின்னால் மாட்டுக்கொட்டகை, அதற்குப் பின்னால் கரும்பு, கரும்பு முடிகிற இடத்தில் ஏரிக்கரை. நல்ல வெயில் அடித்தும் கூடத்தில் ஈரக் குளிர்ச்சி இருந்தது. காற்று சுத்தமாக இல்லை. கரும்புத் தோகை கூட அசையவில்லை.

படுக்கை அறைக் கதவில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தது. கெட்டி எழுத்தில், "குழந்தைகள் உள்ளே வரக் கூடாது." சமையலறைக் கதவிலும் ஒன்று. பின்கதவில் ஒன்று. எல்லாவற்றிலும் இடுப்பு உயரத்தில் மை கலைந்து வழிந்திருந்தது, யாரோ ஈரக் கையால் தடவிப் பார்த்த மாதிரி.

"நான்தான் எழுதி ஒட்டினேன்," என்றான் புகழ்வேந்தன். "பலிக்கலக்கா. அப்பா எழுத்துன்னு அவளுக்குத் தெரியும். நான் சொன்னா எப்பவுமே சிரிச்சுக்கினு ஓடியாந்துடுவா. வெளியாளுங்க சொன்னாத்தான் கேப்பா. டீச்சர், வாட்ச்மேன், கண்டக்டர் சொன்னா நின்ன எடத்த வுட்டு அசைய மாட்டா."

மஞ்சுளா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் இடது மணிக்கட்டில் கயிறு கட்டிய தடம் சிவப்பாகக் கன்றிப்போயிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, தானாகவே சொன்னாள்.

"ராவுல என் கைய அவரு கையோட சேத்துக் கட்டிக்கினு படுப்பாருக்கா. இல்லன்னா விடியறதுக்குள்ள ஏரிக்குப் போயிடறேன். ரெண்டு தடவ முழுவிட்டேன். ரெண்டு தடவயும் ஆளுங்க இழுத்துப் போட்டாங்க. மூணாவது தடவ யாரும் இருக்க மாட்டாங்க."

"ஏம்மா, நீயே போறியா?"

"அவ கைய புடிச்சு இட்டுக்கினு போறா. தூக்கத்துல எனக்குத் தெரியறதில்ல. தண்ணிக்குள்ள தனியா அவளுக்கு பயமா இருக்குதாம். கூட ஒரு ஆளு வேணுமாம்."

கப்பலைப் பற்றிப் பேச வந்தவள் நான். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கல்யாணம் ஆகாத பெண் இறந்துபோனால் எங்கள் பக்கத்தில் அவளைப் பூவாடைக்காரியாக்கி வீட்டில் வைத்துக் கும்பிடுவோம். பூசாரியும் பம்பைக்காரர்களும் ஏரிக்கோ குளத்துக்கோ வருவார்கள். பம்பை அடித்து, பாடி, தண்ணீரிலிருந்து அவளை வரவழைத்து, குடத்தில் மொண்டு, பூச்சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுச் சாமி. அவள் இடத்தில் அவள் இருப்பாள், வீட்டைக் காப்பாள். இங்கே பாதி வீடுகளில் அப்படி ஒரு பெண் உண்டு, அதில் பயப்பட ஒன்றும் இல்லை. மஞ்சுளாவின் மகள் மகிழினிக்கும் அதைத்தான் செய்தார்கள். மூன்றாவது படித்த பிள்ளை, கரும்பு வெட்டு பார்க்கப் போன இடத்தில் மதகுப் பக்கம் கால் வழுக்கிவிட்டது.

"பூசாரி படிச்சுப் படிச்சு சொன்னாருக்கா. பேரு சொல்லாத, புள்ளன்னு நெனைக்காத, 'தாயே வந்து குடும்பத்த காத்துக் குடு'ன்னு மட்டும் சொல்லுன்னாரு. பம்ப சத்தம் ஏறுச்சு. கொடம் ஆடுச்சு. அவ வந்துட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வாய்ல தாயே வரல. 'மகி, வாடி செல்லம், வூட்டுக்குப் போலாம், அம்மா உன்ன வுட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன்'னு கத்திட்டேன்."

சுவரிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"சாமியா கூப்ட்டிருந்தா சாமியா வந்திருப்பா. நான் புள்ளையா கூப்ட்டேன். புள்ளையா வந்துட்டா."

பின்கட்டில் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. சத்தம் கூடத்தை நோக்கி வந்தது.

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புகழ்வேந்தன் தாழ்ந்த குரலில் மிச்சத்தைச் சொன்னான். திருப்பதி போனார்கள், கூடவே வந்தாள். காட்டேரிக்குப்பத்தில் மஞ்சுளாவின் அக்கா வீட்டில் போய் இருந்தார்கள், அங்கேயும் வந்தாள். இரண்டாம் தடவை ஏரியில் விழுந்து ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோதுதான் மஞ்சுளா முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினாள். அந்தக் கதவில் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. வாசலுக்கு வெளியே பெஞ்சுக்குக் கீழே மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. ஆயாம்மா துடைக்கத் துடைக்கத் தேங்கியதாம்.

"அதுலேர்ந்து கொழந்தைங்கள வுடாத எடமா தேடறோம்க்கா. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருக்குது, பாருக்குக் கூட்டிக்கினு போனேன். பதினெட்டு வயசுக்குக் கீழ அனுமதி இல்லன்னு போர்டு இருக்குது இல்ல. ரெண்டு மணி நேரம் டேபிள்ல தல வெச்சுத் தூங்கினா. பொம்பளைய எத்தினி நேரந்தான் அங்க உக்கார வெக்கிறது? எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க."

பாண்டிச்சேரியில் பிராந்திக் கடைக்கா பஞ்சம்? வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். பெண்டாட்டியைத் தூங்க வைக்க ஒருவன் அவளைச் சாராயம் குடிக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

பூசாரி ஒரு வழி சொல்லியிருந்தாராம். மஞ்சுளா இரண்டு மூன்று நாள் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால், அம்மாவைக் காணாமல் அது ஏரிக்குத் திரும்பும். அப்போது சுப்பராயலு மறுபடி பம்பை வைத்து முறைப்படி சாமியாக அழைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மூன்று நாளுக்குத்தான் கப்பல்.

"தண்ணிக்கு பயந்து தண்ணிக்கேவா போறீங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி ஒண்ணும் பண்ணலக்கா," என்றாள் மஞ்சுளா. "அவ இல்லாத எடமா இருந்தா போதும்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெற்ற வாயால் அதைச் சொல்ல அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

பாஸ்போர்ட் வருவதற்குள் அவள் இன்னும் இளைத்துப்போனாள். கப்பல் நாளுக்கு முந்தின நாள் போன் செய்து, நானும் சென்னைக்கு வர வேண்டும் என்று அழுதாள். எதற்கு என்று கேட்டேன்.

"நாங்க உள்ள போயிட்டா அவ வாசல்ல தனியா நிப்பாக்கா. தெரியாத ஊரு. கூட யாராவது நிக்கணும்."

வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மறுநாள் காலையில் அவர்கள் காரில் டிரைவருக்குப் பக்கத்தில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

துறைமுகத்தில் நல்ல கூட்டம். உச்சி வெயில். கப்பல் பல மாடி வீடு மாதிரி வெள்ளையாக நின்றது. வயதானவர்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், தொப்பி போட்டவர்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை கூட இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போர்டு வைத்திருந்தார்கள், தமிழிலும் இங்கிலீஷிலும். வாசலில் நின்ற செக்யூரிட்டிப் பெண் எல்லோரிடமும் சொன்னதையே இவர்களிடமும் சொன்னாள்.

"பதினெட்டுக்குக் கீழ யாரும் உள்ள வரக் கூடாது மேடம். கூட யாராவது இருக்காங்களா?"

மஞ்சுளா தன் இடது பக்கம் கீழே பார்த்தாள். புகழ்வேந்தன் அவசரமாக, "இல்ல, நாங்க ரெண்டு பேருதான்," என்றான்.

மஞ்சுளா நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. அவள் குனிந்து, வெறும் இடத்தில் யாருக்கோ முந்தானையால் முகம் துடைத்துவிட்டாள்.

"கேட்டல்ல? அவங்க வரக் கூடாதுன்னு சொல்றாங்க. அம்மா சொல்லல, அவங்க சொல்றாங்க. பெரியம்மா கைய புடிச்சுக்கோ."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, பாத்துக்கறீங்களா?"

அந்தப் பார்வையை எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். இப்போது உள்ளே போகாவிட்டால் இவள் போகவே மாட்டாள், இந்த வாரத்துக்குள் ஏரி இவளை விழுங்கிவிடும் என்று எனக்கு உறைத்தது. அவளைக் கதவுக்குள் தள்ளிவிட வேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு. சும்மா ஒரு பேச்சுக்காக, வலது கையைக் காற்றில் நீட்டினேன்.

"நான் பாத்துக்கறேன். நீ போ மஞ்சு."

அவள் போனாள். புகழ்வேந்தன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

நீட்டிய கையை மடக்கப் பார்த்தேன்.

முடியவில்லை.

என் இரண்டு விரலைச் சுற்றி ஒரு சின்னக் கை இருந்தது. ஜில்லென்று, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறின தோலாக, சுருக்கம் சுருக்கமாக. நகத்துக்குள் மணல் நறநறத்தது.

உதறவில்லை. உதறினால் அது கதவுக்குள் ஓடிவிடும் என்று பயந்தேன். கப்பல் நகர்ந்து, சங்கு ஊதி, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அப்படியே நின்றேன். அந்தக் கை ஒரு தடவை கூட இழுக்கவில்லை. வெளியாள் சொன்ன பேச்சைக் கேட்டு, நின்ற இடத்தை விட்டு அசையாமல் நின்றது.

திரும்பி வரும்போது டிரைவர் மகாபலிபுரம் வரைக்கும் பாட்டு போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பாட்டை நிறுத்தினார். கையை நீட்டிக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு, தவளக்குப்பம் வருகிற வரைக்கும் வாய் திறக்கவே இல்லை. நான் முன் சீட்டில்தான் இருந்தேன். இறங்கும்போது பின் சீட்டுக்குக் கீழே மிதியடி தண்ணீரில் மிதந்தது.

அந்த மூன்று நாளும் மஞ்சுளா போனில் போட்டோ அனுப்பிக்கொண்டே இருந்தாள். கப்பல் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற போட்டோவை அவள் புருஷன் எடுத்திருந்தான். கூடவே அவள் குரல்: "நல்லா தூங்கறேன்க்கா. அவ அழுவுறாளா?"

"இல்ல," என்று பதில் போட்டேன். அது உண்மை. அழவில்லை. கடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைக்கு மேலே என் வீட்டில் கட்டில் ஓரத்தில் படுத்தாள். போர்வை நனைந்தது, நான் காயப் போட்டேன். ஒரு பிள்ளையை வளர்த்தவளுக்கு ஈரப் போர்வை புதுசா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை புகழ்வேந்தன் கூப்பிட்டான். கப்பல் காற்றில் அவன் குரல் விட்டு விட்டு வந்தது.

"அப்பா போன் பண்ணாருக்கா. பம்பக்காரங்க கை ஓயற மட்டும் அடிச்சாங்களாம். கொடம் அசையவே இல்லியாம். ஏரில யாருமே இல்லன்னு பூசாரி சொல்லிட்டாரு." குரலைத் தாழ்த்தினான். "அக்கா, உங்ககிட்டயா?"

"நீங்க எப்ப வரீங்க தம்பி?" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மஞ்சுகிட்ட சாமியாயிட்டான்னு சொல்லிட்டேன். சந்தோசத்துல அழுவுறா. சொல்லிடாதீங்கக்கா. உங்க கால்ல வுழறேன்."

பூசாரியை நானே போய்ப் பார்த்தேன். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, என் பக்கத்தில் பார்த்தார். "கூப்ட்டவதான் திருப்பி அனுப்பணும். இல்லன்னா அவளே வாங்கிக்கினு போவணும். வேற யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது," என்று கதவைச் சாத்திக்கொண்டார். மஞ்சுளா அனுப்புவாளா? விஷயம் தெரிந்தால் அடுத்த நிமிஷம் ஓடிவந்து அணைத்துக்கொள்வாள். அப்புறம் ஏரிதான்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குளிர் தாங்காமல் கண் விழித்தேன். சுண்ணாம்பாற்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். நைட்டி உடம்பைச் சுற்றி மிதந்தது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "யம்மா, யம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார். மறு கையை ஒரு சின்னக் கை உள்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வலுவாக ஒன்றும் இல்லை. குழந்தைகள் கடைத்தெருவில் பொம்மைக் கடைப் பக்கம் இழுக்குமே, அந்த இழுப்பு.

அன்றைக்குத்தான் எனக்கு மஞ்சுளாவின் நிலைமை முழுசாகப் புரிந்தது. கையை ஜன்னல் கம்பியோடு கட்டிக்கொண்டு படுக்க ஆரம்பித்தேன். மகன் போன் செய்தால் சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன். சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இப்படியே போனால் எத்தனை நாள் தாங்குவேன் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை போனை எடுத்து மஞ்சுளா நம்பரைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன்.

நேற்று மதியம் கார் கடை வாசலில் நின்றது. மஞ்சுளா இறங்கினாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்து, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு படியேறினாள். பின்னால் புகழ்வேந்தன்.

நடு நாற்காலி அசைந்தது.

என்னை அறியாமல் அந்தப் பக்கம் குனிந்தேன். "மேசைக்குக் கீழ போ," என்றேன். "சத்தம் போடக் கூடாது. அவங்க போற வரைக்கும் பேசவே கூடாது. நான் சொல்றேன்."

நான் வெளியாள்தானே. சேலைக் கொசுவத்தை ஈரமாக ஏதோ பிடித்துக்கொண்டது.

"மகி சாமிக்கு மொத மொத படச்சோம்க்கா," என்று மஞ்சுளா தூக்குவாளியைத் திறந்தாள். சர்க்கரைப் பொங்கல், நெய் மணத்தது. "உங்களாலதான் நான் உசுரோட இருக்கறேன். ராவுல ஒரு கனாகூட வரதில்ல. பூச ரூம்ல அவ கொடத்தப் பாத்தா எம்புள்ள நல்லபடியா இருக்கான்னு மனசுக்கு ஒரு தெம்பு." மூக்கை லேசாகச் சுளித்தாள். "ஏரி வாசன அடிக்குதே."

புகழ்வேந்தன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

ஒரு வார்த்தை போதும். உன் பிள்ளை இதோ, என் காலடியில் இருக்கிறாள், கூட்டிக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை. இன்று ராத்திரி நான் கட்டிக்கொள்ளாமல் தூங்கலாம். என் மகனைப் பார்க்கப் பெங்களூர் போகலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கொசுவத்தைப் பிடித்திருந்த கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. அம்மா குரல் அதற்கும் கேட்கிறது இல்லையா.

"மழத் தண்ணி பின்னால தேங்கிக் கெடக்குதும்மா," என்றேன். "பஞ்சாயத்து ஆளுங்கள எத்தினி தடவ கூப்புடறது."

"அன்னிக்கு வாசல்ல ரொம்ப அழுதாளாக்கா?"

"அழவே இல்ல. கப்பல் கெளம்பின உடனே போயிட்டா. அந்தக் கை அப்பவே காணாப்போச்சு."

மஞ்சுளா சிரித்தாள், அழுதாள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் கப்பலில் சாப்பிட்டதைப் பற்றியும் இலங்கையில் பார்த்ததைப் பற்றியும் பேசினாள். பிறகு வாளியை வைத்துவிட்டுப் படியிறங்கினாள். புகழ்வேந்தன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் காரை எடுத்தான். கார் கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து, பாகூர் பக்கம் திரும்பி மறைந்தது.

நான் பொங்கலைத் தொடவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மேசைக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளில் ஒரு தடவை கூட நான் அவள் குரலைக் கேட்டதில்லை.

"இப்ப பேசலாமா பெரியம்மா?"